மாஸ்டரின் ஷூவுக்குள் இரண்டு மெத்தை

மந்தாரப்பட்டியில் ஒரு பேண்டு செட் இருந்தது. இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இன்னும் இருக்கிறது. சிவப்புக் கோட்டு, தோளில் தங்க நூல் குஞ்சம், காலில் கறுப்பு ஷூ. கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம் எதுவானாலும் இவர்கள்தான். மொத்தம் ஐந்து பேர். மாஸ்டர் சந்தனம் கிளாரினெட். அய்யாவு டிரம்பெட். தொப்பளான் சின்ன டிரம். சோணைமுத்து பெரிய டிரம். வீரணன், இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதவிட்டு 'ஜங்' என்று சத்தம் எழுப்புகிறவர்.

வாசிப்புக் கற்றுக்கொடுத்த முதல் நாள் சந்தனம் மற்ற நால்வரிடமும், "என்னையப் பாருங்க, நான் என்ன செய்றேனோ அதையே செய்யுங்க" என்று சொல்லியிருந்தார். அதை வாபஸ் வாங்க மறந்துபோனார். ஒருமுறை ஊர்வலத்தில் அவர் சாணியில் கால் வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் வரிசை கலையாமல் அதே சாணியில் கால் வைத்தார்கள். கடைசியாக வந்த வீரணனுக்குச் சாணி மிச்சமில்லை. அந்த வருத்தம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாட்டில் ஆளுக்கு ஒரு பங்கு. அவரவர் பங்கை அவரவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்; அடுத்தவர் பங்கில் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆகவே முழுப் பாட்டு என்ன என்பது ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெருவில் நின்று கேட்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டருக்கு வலது குதிகாலில் வலி வந்தது. வருஷக்கணக்காகத் தார் ரோட்டில் தாளத்துக்கு மிதித்த கால். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் முள் தைத்த மாதிரி சுரீர் என்றது. அங்கிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து இடுப்பு என்று வலி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். வரப்போவது அவர் மகள் செவ்வந்தியின் கல்யாணம்.

"அப்பா, நீங்க கிளாரினெட்டு வாசிச்சு மாப்பிள்ளைய அழைச்சுட்டு வரணும்," என்று அவள் சொல்லிவிட்டாள். "வேற ஊரு பேண்டு வந்துச்சுன்னா, நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

ஊரில் எத்தனையோ பேர் வீட்டு மாப்பிள்ளைகளை வாசித்து அழைத்துவந்தவர் சந்தனம். தன் வீட்டு மாப்பிள்ளைக்கு வாசிக்க முடியாமல் போய்விடுமோ என்று அவருக்கு நெஞ்சே கனத்துப்போனது. நொண்டி நொண்டி டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார். மாஸ்டர் போனால் மற்றவர்களும் போக வேண்டும் அல்லவா? நால்வரும் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்கள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. காலை அழுத்திப் பார்த்தார். உறைக்குள்ளிருந்து ஷூவுக்குள் வைக்கிற மெத்தை இரண்டை எடுத்து நீட்டினார். குதிகால் பக்கம் தடியாகவும் விரல் பக்கம் மெல்லியதாகவும் இருந்தன. எப்படிப் பயன்படுத்துவது என்று சொன்னார். நால்வரும் பாட்டைப் பங்கு பிரிப்பது போலவே டாக்டரம்மா சொன்னதையும் ஆளுக்கு ஒரு வாக்கியமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"இத ஷூவுக்குள்ள வைக்கணும்." இது அய்யாவு பங்கு.

"இது இல்லாம ஓரடிகூட நடக்காதீங்க." இது தொப்பளானுக்கு.

"வலிக்கிற காலுக்கு நல்லா தாங்கல் கொடுக்கணும்." இது சோணைமுத்துவுக்கு.

"ஒண்ண மட்டும் தனியாப் போடாதீங்க, ரெண்டையும் சேத்துத்தான் போடணும்." இது வீரணனுக்கு.

மாஸ்டர் எழுந்து செருப்பை மாட்டப் போனார். தொப்பளான் பாய்ந்துவந்து அவரை நாற்காலியில் அமுக்கினார்.

"நடக்காதீங்க மாஸ்டர்! அது இல்லாம ஓரடிகூட நடக்கக் கூடாது!"

"அதான் கையில வச்சிருக்கேன்லய்யா?"

"ஷூவுக்குள்ள வைக்கணும்," என்றார் அய்யாவு.

"ஷூ வீட்டுல இருக்குதேப்பா."

நால்வரும் தலையைச் சேர்த்துக்கொண்டு யோசித்தார்கள். ஷூ இல்லாமல் மெத்தை வைக்க முடியாது. மெத்தை வைக்காமல் நடக்க முடியாது. நடக்காமல் ஷூ இருக்கிற இடத்துக்குப் போக முடியாது. ஒருவர் ஓடிப்போய் ஷூவை எடுத்துவரலாம் என்பது யாருடைய பங்கிலும் இல்லை. கடைசியில் மாஸ்டரை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். மாஸ்டர் மெத்தை இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வந்தார். வழியில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

வாசலில் நின்ற மாஸ்டர் மனைவி இருளாயி அதைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார். "ஏய், நான் நல்லாத்தான்டி இருக்கேன்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அக்கம்பக்கத்தார் அதற்குள் கூடிவிட்டார்கள். எடுத்த ஒப்பாரியை நடுவில் விட்டால் நன்றாக இருக்காது என்று இருளாயி ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

வீட்டுக்குள் போனதும் அய்யாவு ஷூ ஜோடியை எடுத்து, துடைத்து, பெஞ்சில் வைத்து, மெத்தைகளை உள்ளே வைத்தார். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டார் சோணைமுத்து.

"வலிக்குதுய்யா."

"ஷூவுக்குப் பரவாயில்ல போலத் தெரியுது."

இருளாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கால உள்ள விடணும்யா! வெளிய வச்சுக்கிட்டுப் பாத்தா எப்படி வலி போகும்?"

அய்யாவு மற்ற மூவரையும் பார்த்தார். "கால உள்ள விடணும்னு யாருகிட்டயாச்சும் இருக்கா?"

மூவரும் தங்கள் தங்கள் வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார்கள்.

"அப்ப அது டாக்டரம்மா சொன்னதில்லக்கா. நீங்களாச் சொல்றது," என்றார் அய்யாவு வருத்தத்தோடு.

இருளாயி கரண்டியோடு வந்தார். அதற்குப் பிறகு காலை உள்ளே விடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

ஆனால் வீரணன் தட்டை மோதுவது போலக் கையைத் தட்டினார். "ஒண்ண மட்டும் தனியாப் போடாதீங்க, ரெண்டையும் சேத்துத்தான் போடணும்! இங்க பாருங்க, இந்த ஷூவுல ஒண்ணு தனியா இருக்கு. அந்த ஷூவுலயும் ஒண்ணு தனியா இருக்கு."

"பாவம்," என்றார் தொப்பளான்.

"சேத்து வைக்கணும்னா எந்த ஷூவுல வைக்கிறது?" என்று அய்யாவு கேட்டார்.

"வலிக்கிற காலுக்கு நல்லா தாங்கல் கொடுக்கணும்," என்றார் சோணைமுத்து. தன் பங்கு சரியான நேரத்தில் வந்ததில் அவர் முகம் மலர்ந்துபோனது.

இரண்டு மெத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வலது ஷூவுக்குள் போயின. மாஸ்டர் காலை விட்டு எழுந்து நின்றார். ஒரு பக்கம் உயர்ந்து இடது பக்கம் சாய்ந்து நின்றாலும், குதிகால் மெத்தென்று இருந்தது. எல்லாப் பாரமும் இடது காலுக்குப் போய்விட்டதால் வலது காலுக்கு வேலையே இல்லை. "வலி கொறஞ்சிருக்குய்யா!" என்று சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வாசிக்கலாம். அதைவிட வேறென்ன வேண்டும்?

நடந்து பார்த்தார். கிணற்றடிக்குப் போக நினைத்தவர் இடது பக்கமிருந்த மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்றார். மாடு எதற்கோ கூப்பிட்டிருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மாஸ்டர் வலது ஷூவில் மெத்தை வைத்தால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? அய்யாவு தேங்காய் நாரை அமுக்கி வைத்தார். சோணைமுத்து பழைய பஸ் சீட்டுப் பஞ்சு வைத்தார். தொப்பளான் வீட்டில் மிஞ்சிய ஊத்தப்பம் இரண்டு வைத்தார். அன்று முதல் தெருநாய்கள் அவரிடம் தனிப் பிரியம் காட்டின. வீரணன் பொரித்த அப்பளம் இரண்டு வைத்துக்கொண்டார்.

"மெத்துன்னு இருக்கணும்னு யாரும் மனப்பாடம் பண்ணலையே?" என்று கேட்டார். யாரும் பண்ணவில்லைதான்.

கல்யாண நாளும் வந்தது. மாரியம்மன் கோயிலில் மாப்பிள்ளை குணசீலனைப் பூ ஜோடித்த ஜீப்பில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவர் அக்கா வாசுகி, கையில் மாலைக் கூடை. முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா ஏறி நின்றுகொண்டு, "மேளத்த முந்திக்கிட்டு மாப்பிள்ள வண்டி போகக் கூடாது, அது எங்க வழக்கமில்ல. ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள தாலி கட்டியாகணும், அதுவும் எங்க வழக்கம்," என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

சந்தனமும் தன் ஆட்களிடம் சொன்னார். "என் மக கல்யாணம்ப்பா. மாப்பிள்ள மண்டபத்து வாசப்படிய மிதிக்கிற வரைக்கும் வாசிப்பும் நிக்கக் கூடாது, காலும் நிக்கக் கூடாது. நடுவுல நின்னா அபசகுனம்."

கடைவீதியோடு நேரே போனால் வலது கைப் பக்கம் மண்டபம். குழந்தைகூடப் போய்விடும். மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்து ஊதினார். அடடா, அன்றைக்கு மாதிரி அவர் என்றைக்குமே வாசித்ததில்லை. கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். ஐந்து பேரும் இடது பக்கம் சாய்ந்து நடந்ததை ஒரு புது ஸ்டைல் என்றே ஊர் நினைத்தது.

மண்டப வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மாஸ்டர் வலது பக்கம் திரும்பத்தான் நினைத்தார். ஷூ இடது பக்கம் நினைத்தது. பேண்டு மண்டபத்தைத் தாண்டி, பால் டிப்போ சந்துக்குள் இடது பக்கமாகத் திரும்பியது. ஜீப்பும் திரும்பியது. மாப்பிள்ளை ஆரத்தித் தட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சந்தின் கோடியில் இன்னொரு இடது. மரக்கடைத் தெருவில் இன்னொரு இடது. தபால் ஆபீஸ் முனையில் மறுபடி இடது. திரும்பவும் கடைவீதி, திரும்பவும் மண்டபம், திரும்பவும் கும்பிடு.

"ஏண்ணே, இந்த ஊர்ல எத்தன தபால் ஆபீஸ்?" என்று தொப்பளான் அடித்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுதான்," என்றார் சோணைமுத்து.

தொப்பளான் கொஞ்ச தூரம் யோசித்தார். "அப்ப அது நம்மளச் சுத்துது."

"யோவ் மாஸ்டர், வலது பக்கம் திரும்புய்யா!" என்று ஜீப்பிலிருந்து பெரியப்பா அலறினார். மாஸ்டருக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. மகள் இருக்கிற மண்டபம் வந்து வந்து போகிறது. கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. நின்றால் அபசகுனம். வாசித்துக்கொண்டே ஒரு முறை வலது காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். பின்னாலிருந்த நால்வரும் ஓங்கி உதைத்தார்கள். வீரணனின் அப்பளம் நொறுங்கிய சத்தம் ஜீப் வரை கேட்டது.

"டிரைவரு, முந்திட்டுப் போயிரலாமா?" என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

"எங்க வழக்கமில்ல," என்றார் பெரியப்பா, அலறலை நிறுத்திவிட்டு.

உள்ளே மணையில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். கிளாரினெட் சத்தம் நெருங்கி வந்தது, தேய்ந்து போனது, மறுபடி நெருங்கி வந்தது. ராகுகாலம் வரப்போகிறது என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். வேறு மேளம் பிடித்தாவது மாப்பிள்ளையை உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

செவ்வந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா வாசிக்கிறாரா இல்லையா?"

"வாசிக்கிறாருதான். ஆனா உள்ள வர மாட்டேங்கிறாரே தாயி!"

"அவரு வாசிச்சாப் போதும். உள்ள வரணும்னா நான் கேட்டேன்?"

அவள் மாலையும் கழுத்துமாக எழுந்து, தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்மாமனோடு வாசலுக்கு வந்து, ரோட்டோரமாக நின்று கழுத்தை நீட்டினாள். அப்பனுக்குத் தப்பாத மகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேண்டு வந்தது. ஜீப் வந்தது. தாய்மாமன் தாலியை எடுத்து நீட்ட, மாப்பிள்ளை ஜீப்பிலிருந்து எட்டி வாங்கி, செவ்வந்தி கூடவே நடக்க நடக்க, ஒரு முடிச்சுப் போட்டார். அதற்குள் பால் டிப்போ சந்து வந்துவிட்டது. ஜீப் போய்விட்டது. அட்சதை போட ஓங்கிய கைகள் அப்படியே நின்றன.

செவ்வந்தி தாலி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள். பந்திக்கு வந்தவர் ஒருவர் அவசரமாக, "கல்யாணம் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"மூணுல ஒரு பங்கு ஆயிருக்கு," என்றாள்.

அடுத்த சுற்றில் வழக்கப்படி நாத்தனார் வாசுகி எட்டி இரண்டாவது முடிச்சைப் போட்டார். அதற்கடுத்த சுற்றுக்குள் அட்சதை தீர்ந்துபோய், சமையற்கட்டிலிருந்து பச்சரிசி வந்தது. வாசுகி மூன்றாவது முடிச்சை இறுக்கினார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ராகுகாலத்துக்கு முந்தி! எங்க வழக்கம் தப்பல!" என்று கத்தினார். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்துப்போயிருந்த மாப்பிள்ளை அந்தச் சந்தோஷத்தில் ஜீப்பிலிருந்து சரிந்து விழுந்தார். விழுந்து உருண்டவரின் கால் மண்டபத்து வாசற்படியில் பட்டது.

வாசிப்பும் நின்றது, காலும் நின்றது.

சந்தனம் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கிளாரினெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நால்வரும் அழுதார்கள். அதில் வீரணனுக்கு நிஜமாகவே காலில் அப்பளம் குத்தியிருந்தது.

கல்யாணத்துக்கு வந்திருந்த டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாஸ்டரை உட்கார வைத்து ஷூவைக் கழற்றினார். "ரெண்டையும் ஏன்யா ஒரே ஷூவுல வச்சீங்க?"

நால்வரும் வரிசையாக நின்று ஆளுக்கொரு வாக்கியம் ஒப்பித்தார்கள். எல்லாம் அவர் சொன்னதுதான். டாக்டரம்மாவும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் கையாலேயே இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மெத்தையை வைத்து, மாஸ்டர் காலை உள்ளே விட்டு, கயிற்றையும் கட்டினார். தொப்பளான் ஊத்தப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். வீரணன் அப்பளத் தூளைச் சமமாகப் பங்கிட்டுக் கொட்டிக்கொண்டார்.

"இனிமே எந்தப் பக்கமும் சாயாம, நேராப் பாத்து நேரா நடங்க," என்றார் டாக்டரம்மா. இந்த வாக்கியத்தை ஐந்து பேருமே மனப்பாடம் செய்தார்கள். ஆளுக்கொரு வாக்கியத்தோடு பட்ட பாடு போதும் என்று ஆகிவிட்டது.

பந்திக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப்போய் வர வேண்டும். கடைவீதிக் கோடியில் வலது பக்கம் திரும்பினால் கோயில். மாஸ்டர் எழுந்து நின்றார். இரண்டு குதிகாலும் மெத்தென்று இருந்தன. முழங்காலில் வலி இல்லை. இடுப்பில் வலி இல்லை. நிமிர்ந்து, நேரே பார்த்து, ஊதிக்கொண்டு நடந்தார். அப்படி ஒரு நேரான ஊர்வலத்தை மந்தாரப்பட்டி அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைவீதிக் கோடி வந்தது.

"அப்பா, வலது பக்கம்!" என்று செவ்வந்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

மாஸ்டர் வாயில் கிளாரினெட். வீரணன்தான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார். "நேராப் பாத்து நேரா நடக்கச் சொல்லியிருக்காங்க தாயி!"

எதிரே நாகம்மாள் என்பவரின் வீடு. கதவு திறந்திருந்தது. பேண்டு உள்ளே போனது. மேளத்தை விட்டுப் பிரியக் கூடாது என்று பெரியப்பா தள்ளிவிட, பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே போனார்கள். நாகம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மேளதாளத்தோடு புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதை யாரென்று கேட்காமலே செய்தார். ஆரத்தி எடுத்தார். இருவரையும் பாயில் உட்கார வைத்தார். பாலும் பழமும் எடுத்துவர ஓடினார்.

அடுப்படியில் சுவர் இருந்தது. பேண்டு சுவருக்கு முன்னால் நின்ற இடத்திலேயே காலை மிதித்துக்கொண்டு வாசித்தது. கொல்லைக் கதவு இரண்டு முழம் வலது பக்கம் தள்ளி இருந்தது.

"அப்பா, மண்டபத்துல சாம்பார் ஆறிப்போகும்," என்றாள் செவ்வந்தி, வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே. "அப்படியே பின்னாடி வந்துருங்களேன்!"

வாசிப்பு நின்றது. ஐந்து பேரும் சுவரைப் பார்த்தபடியே கூடிப் பேசினார்கள்.

"பின்னாடி எப்படிப் போறது?" என்றார் தொப்பளான்.

"ஷூவோட மூக்கு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம்தான் கால் போகுது," என்றார் அய்யாவு. "இப்ப அது சுவரப் பாக்குது."

"அத வாசப் பக்கம் பாக்க வைக்கணும்," என்றார் சோணைமுத்து.

"ஆனா ஆளு திரும்பக் கூடாது," என்றார் வீரணன். "நேராத்தான் பாக்கணும்."

எல்லோரும் மெதுவாக மாஸ்டரின் காலைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு நாகம்மாளின் அரிசி மூட்டைமேல் சாய்ந்து, காலை நீட்டினார்.

பாலைக் குடித்து முடித்த மாப்பிள்ளை அடுப்படியில் ஏதோ முக்கல் முனகல் கேட்டு, "என்ன ஆச்சு மாமா?" என்று குரல் கொடுத்தார். நான்கு பேர் மாஸ்டரின் விரல்களை ஷூவின் குதிப்பக்கத்தில் நுழைக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்துதான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க மாப்பிள்ளே! உங்க மாமாவப் பின்பக்கமா மாட்டிக்கிட்டு இருக்கோம்."